கருவி வாங்கினால் போதுமா?

வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது என்று நமது ஜனங்கள் கூறும் எண்டோஸ்கோபிப் பரிசோதனை, இன்று பெரிய நகரங்களுக்கு மட்டும் உரிய அபூர்வ வைத்தியமாக இல்லை. ஜில்லாத் தலைநகரங்களிலும் அது நடந்து வருகிறது. குடற்புண், இரத்த வாந்தி, பித்த நாளத்தில் கல்லடைப்பு, இரைப்பையிலும் பெருங்குடலிலும் தோன்றும் புற்று முதலிய வியாதிகளை வயிற்றைக் கீறாமலே கண்டறியவும், பல சமயங்களில் அங்கேயே குணப்படுத்தவும் அது உதவுகிறது. விஞ்ஞானம் மனித சமூகத்துக்கு அளித்திருக்கும் பெருங் கொடைகளில் அது ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒருவர் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்ட அதே குழாய்தான் சற்று நேரத்துக்கெல்லாம் மற்றொருவர் வயிற்றுக்குள் செல்லுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் அக்குழாய் யாருடைய கையில் இருக்கிறது, எவ்விதம் கழுவப்படுகிறது, கழுவுகிறவருக்கு அவ்வேலையை யார் கற்றுக் கொடுத்தார்கள் என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. அக்கேள்வியைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

நமது கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கருவியும் டாக்டரும் இருந்தால் எண்டோஸ்கோபி அறையைத் திறந்துவிடலாம் என்ற எண்ணம் அபாயகரமானது. அக்கருவியைச் சுத்தம் செய்து, ஒருவர் நோய் மற்றொருவருக்குத் தொற்றாமல் தடுக்கும் வித்தையில் முறையாகப் பயின்று தேர்ந்த நர்ஸ் இல்லாத இடத்தில் அவ்வறையைத் திறக்கவே கூடாது. அது மாத்திரமல்ல. “இக்கருவி இன்னும் சுத்தமாகவில்லை; இதை உபயோகிக்க விடமாட்டேன்” என்று சொல்லும் அதிகாரமும் அந்த நர்ஸுக்கு எழுத்து மூலமாக அளிக்கப்பட வேண்டும். பயிற்சி ஒன்று, அதிகாரம் ஒன்று; இவற்றுள் எது இல்லாவிடினும் மற்றது வீணே.

இக்கருவியின் சரித்திரத்தில் நமது தேசத்தவருக்கும் பங்கு உண்டு. பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹெரால்டு ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, மயிரிழை போன்ற கண்ணாடி இழைகளைக் கற்றையாகச் சேர்த்தால் அதன் வழியே ஒரு பிம்பத்தை வளைவுகளிலும் கொண்டு செல்லலாம் என்பதை 1954-ல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் எடுத்துக் காட்டினார். மூன்று வருஷங்களுக்குப் பின்னர், 1957-ல், அமெரிக்காவில் பேஸில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற டாக்டர் அத்தத்துவத்தைக் கொண்டு செய்த வளையும் குழாயை மனிதர் இரைப்பைக்குள் செலுத்திப் பார்த்தார். இப்போது இழைக் கற்றைக்குப் பதிலாகக் குழாயின் நுனியிலேயே சிறியதொரு காமிரா அமைந்துவிட்டது. பார்வை தெளிந்தது, உபயோகம் பெருகியது. ஆனால் கருவி நுட்பமாக நுட்பமாக, அதைச் சுத்தம் செய்வதும் அவ்வளவுக்குக் கடினமாயிற்று.

அறுவைச் சிகிச்சைக் கத்தியைப் போல இக்குழாயை அதிக உஷ்ணமுள்ள நீராவியில் வைத்துக் கிருமிகளைக் கொல்ல முடியாது. அவ்வுஷ்ணத்தில் குழாய் கெட்டுவிடும். அதன் வெளிப்புறத்தைத் துடைப்பது எளிது. உட்புறத்திலோ, காற்றுக்கு ஒரு வழி, தண்ணீருக்கு ஒரு வழி, உறிஞ்சுவதற்கும் சிறு ஆயுதங்களைச் செலுத்துவதற்கும் ஒரு வழி என்று பல வழிகள் இருக்கின்றன. இரைப்பையைப் பார்க்கும் குழாய் சுமார் ஒரு மீட்டர் நீளமுள்ளது. ஆயுதம் செல்லும் வழியின் அகலமோ மூன்று மில்லி மீட்டருக்கும் குறைவு. பெருங்குடலைப் பார்க்கும் குழாய் இன்னும் நீளமானது. மலமும் சளியும் இரத்தமும் புகுந்த இச்சிறு வழிகள் கண்ணுக்குத் தெரியமாட்டா. அங்கு அழுக்கு உலர்ந்துவிட்டால் கிருமிகள் பாசி போன்ற ஒரு படலத்தைத் தம்மீது போர்த்துக் கொண்டு உள்ளே குடியேறிவிடுகின்றன. அதன் பிறகு எத்தனை மருந்தை ஊற்றினாலும் அப்படலத்தை ஊடுருவுவது அரிது.

ஆகையால்தான் இவ்வேலைக்கு ஒரு கிரமம் வகுத்திருக்கிறார்கள். நோயாளியின் உடலிலிருந்து குழாயை எடுத்தவுடனே, அந்தக் கட்டிலருகிலேயே, அதன் மேற்புறத்தைத் துடைத்து, சுத்தம் செய்யும் திரவத்தை உள்வழியாக உறிஞ்சிவிட வேண்டும். பின்னர் அதை மூடிய பெட்டியில் வைத்துக் கழுவும் அறைக்குக் கொண்டு போக வேண்டும். அங்கு முதலில் குழாயில் ஓட்டை ஏதேனும் உண்டா என்று காற்றைச் செலுத்திப் பரீட்சிக்க வேண்டும். அடுத்தபடியாக, அடைப்பான்களைக் கழற்றி, திரவத்துக்குள் முழுவதும் மூழ்க வைத்து, ஒவ்வொரு வழியிலும் அதற்குரிய பிரஷைச் செலுத்திக் கையால் தேய்க்க வேண்டும். பிரஷ் அழுக்கின்றி வெளிவரும் வரையில் இது நிற்கக்கூடாது. அலசிய பிறகே குளூட்டரால்டிஹைடு, ஆர்த்தோ-தாலால்டிஹைடு, பெரசிட்டிக் அமிலம் போன்ற கிருமி நாசினியில் குறிப்பிட்ட நிமிஷங்கள் ஊற விட வேண்டும். அத்திரவம் நாளாக ஆக வீரியம் குறையுமாதலால், உரிய காகிதத்தை நனைத்து அதன் வீரியத்தைச் சோதித்து எழுதி வைக்க வேண்டும். மறுபடியும் நல்ல நீரில் அலசி, உள்வழிகளில் ஆல்கஹாலையும் காற்றையும் செலுத்தி உலர்த்தி, காற்றோட்டமுள்ள அலமாரியில் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். எந்தக் குழாய் எந்த நோயாளிக்கு எந்த நேரத்தில் உபயோகிக்கப்பட்டது, யார் அதைச் சுத்தம் செய்தார் என்பவற்றைப் பதிவுப் புஸ்தகத்தில் குறிக்க வேண்டும்.

இதில் எந்த அடியும் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டதன்று. கையால் தேய்க்கும் ஓரடி மட்டுமே கிருமிகளின் தொகையைப் பதினாயிரத்தில் ஒரு பங்காகவோ, அதற்கும் குறைவாகவோ ஆக்கிவிடும் ஆற்றல் வாய்ந்தது. தேய்க்காமல் மருந்தில் போட்டால், அழுக்கின் மறைவிலுள்ள கிருமியை மருந்து தீண்டுவதேயில்லை. உலர்த்தும் அடியும் அத்தகையதே. மருந்தில் ஊறிச் சுத்தமான குழாயை ஈரத்துடன் இரவு முழுவதும் வைத்திருந்தால், சூடோமோனாஸ் போன்ற, ஈரத்திலே வாழும் கிருமிகள் விடிவதற்குள் பெருகி நிற்கும். காலையில் வரும் முதல் நோயாளி அதன் பலனை அனுபவிப்பார். தாம் சுத்தமான கருவியைப் பெற்றோமா என்று அறிந்து கொள்ளும் மார்க்கம் அவருக்கு இல்லை. மயக்க மருந்தின் பிடியில், வாயில் அடைப்பு வைத்து, ஒருக்களித்துப் படுத்திருக்கும் ஒருவர் யாரைக் கேள்வி கேட்கப் போகிறார்?

இத்தனை அடிகளையும் மனிதர்கள் உள்ளபடி செய்கிறார்களா? அமெரிக்காவில் ஐந்து இடங்களில் 183 குழாய்கள் சுத்தம் செய்யப்படுவதை அருகிலிருந்து பார்த்து எழுதிய ஆராய்ச்சியொன்று 2010-ல் வெளியாயிற்று. கையாலேயே சுத்தம் செய்த இடங்களில், எல்லா அடிகளும் குறைவின்றி நிறைவேறியவை 100-க்கு 1.4 மாத்திரமே. யந்திரத்தின் உதவியுடன் செய்த இடங்களில் அது 100-க்கு 75.4 ஆக இருந்தது. செல்வமும் சட்டமும் மிகுந்த ஒரு தேசத்தின் நிலை இது. ஆட்கள் குறைந்து நோயாளிகள் நிறைந்த இடங்களின் நிலையை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

விளைவுகளையும் அத்தேசமே உலகுக்குக் காட்டியிருக்கிறது. அங்குள்ள முன்னாள் ராணுவ வீரர்களுக்கான மூன்று ஆஸ்பத்திரிகளில் எண்டோஸ்கோபிச் சாதனங்கள் சரிவரச் சுத்தம் செய்யப்படவில்லை என்பது 2008 டிசம்பர் முதல் 2009 வரையில் அடுத்தடுத்து வெளியாயிற்று. ஓரிடத்தில் அடைப்பான் மாறிப் பொருத்தப்பட்டிருந்தது. மற்றோரிடத்தில் ஒரு சிறு நீர்க்குழாயை வெறுமனே அலசினார்களேயன்றிக் கிருமி நீக்கவில்லை. இரத்தப் பரிசோதனைக்கு வரும்படி பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கடிதம் அனுப்ப வேண்டியதாயிற்று. 2015 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியொன்றில், பித்த நாளத்தைப் பார்க்கும் குழாய் மூலம் மருந்துகளுக்கு அடங்காத கிருமி பரவியதாகத் தெரிந்து, 179 பேருக்கு எச்சரிக்கை அனுப்பினார்கள். அப்போது வெளியான செய்தியின்படி 7 பேருக்குத் தொற்றுக் கண்டது. அவர்களில் இருவருடைய மரணத்தில் அதற்கும் பங்கிருந்தது. இத்தகைய சம்பவங்கள், 2012 முதல் 2015 வரையில் குறைந்தது 25 நேர்ந்தன என்றும், குறைந்தது 250 நோயாளிகள் பாதிக்கப்பட்டனர் என்றும் அமெரிக்க செனட்டின் விசாரணை அறிக்கை 2016 ஜனவரியில் கூறிற்று.

இதில் மற்றொரு பக்கத்தையும் நியாயமாகச் சொல்லவேண்டும். இல்லினாய் ராஜ்யத்தில் 2013-ல் ஓர் ஆஸ்பத்திரியில் இவ்விதமே தொற்று ஏற்பட்டபோது, அங்குள்ளவர்கள் சுத்தம் செய்ததில் எவ்விதத் தவறும் தென்படவில்லை. பித்த நாளக் குழாயின் நுனியிலுள்ள தூக்கியின் அமைப்பே பிரஷுக்கு எட்டாத இடுக்குகளை உடையதாயிருந்தது. ஆகவே குற்றத்தையெல்லாம் கழுவுகிறவர் தலையில் சுமத்துவது அநீதி. கருவியைச் செய்து விற்கும் கம்பெனிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. அந்நாட்டு மருந்து நிர்வாக இலாகா, கழற்றி எறியக்கூடிய நுனிகளையுடைய குழாய்களுக்கு மாறும்படி 2019 ஆகஸ்டில் ஆஸ்பத்திரிகளுக்கு யோசனை கூறியது. கிரமம் தவறாத கைகளே தோற்றுப் போகும் இடத்தில், கிரமமே அறியாத கைகளை நிறுத்தலாமா என்பதுதான் நாம் கேட்பது.

இல்லினாயில் பரவிய கிருமியின் பெயர் நம்மவரின் கவனத்துக்கு உரியது. மிக வலிய மருந்துகளையும் சிதைத்துவிடும் ஒரு பொருளை அக்கிருமி உண்டாக்குகிறது. அப்பொருளுக்கு விஞ்ஞானிகள் சூட்டியிருக்கும் பெயரில் நமது தலைநகரான புதுதில்லியின் பெயர் கலந்திருக்கிறது. தில்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய, ஸ்வீடன் நாட்டில் வசித்த நோயாளி ஒருவரிடம் அது முதலில் காணப்பட்டதே காரணம். 2010-ல் இப்பெயர் உலகப் பத்திரிகைகளில் அடிபட்டபோது நமது நாட்டில் கோபக்குரல் எழுந்தது. அது தேசத்துக்கு இழைத்த அவமானம் என்று பலர் பேசினார்கள். ஊர்ப் பெயரை வியாதிக்கு வைப்பது உசிதமன்று என்பதை நாமும் ஒப்புகிறோம். ஆனால் பெயரைக் குறித்துச் சினந்த அளவுக்குக் கிருமியைக் குறித்துச் சினந்தோமா? அவ்வாண்டு அதைப் பற்றி ‘லான்ஸெட்’ குழுமத்தின் சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். 2012-ல் நமது வைத்திய சங்கங்கள் கூடி, மருந்துக்கு அடங்காத கிருமிகளை எதிர்க்கும் திட்டமொன்றை வகுத்ததும் சென்னையிலேதான். அது ‘சென்னைப் பிரகடனம்’ என்றே வழங்குகிறது. அறிவு நம்மிடம் இருக்கிறது; பிரகடனமும் இருக்கிறது. அவை கழுவும் அறையின் வாசற்படியைத் தாண்டி உள்ளே போகவேண்டியதுதான் மிச்சம்.

தேசாபிமானம் என்பது அயலார் சொல்லுக்கு ரோஷம் கொள்வது மட்டுமன்று. நமது வீட்டைத் துப்புரவாக வைத்திருப்பதும் அதுவே. காந்தியடிகள் மலக்கூடத்தைத் தாமே சுத்தம் செய்ததையும், தென்னாப்பிரிக்காவில் நோயாளிகளுக்குத் தாமே பணிவிடை செய்ததையும் மேடைகளில் புகழ்ந்து பேசுகிறோம். ஆனால் கழுவும் தொழிலைத் தாழ்ந்த தொழில் என்று எண்ணும் மனப்பான்மை நமது இரத்தத்தில் ஊறிக் கிடக்கிறது. கருவியைச் செலுத்துகிறவருக்கு மாலை. கழுவுகிறவருக்குப் பெயர் கூட இல்லை. அதனால்தான் கழுவும் வேலை, ஆஸ்பத்திரியில் யார் மிகவும் குறைந்த சம்பளம் பெறுகிறாரோ, யார் எதிர்த்துப் பேச முடியாதோ, அவர் தலையில் போய் விழுகிறது. லட்சக்கணக்கான ரூபாய் பெறுமானமுள்ள கருவியை, ஒரு நாள் கூடப் பாடம் கேட்டிராத ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, “வேகமாகக் கொண்டு வா” என்று கதவருகில் நின்று கூவுவது நிர்வாகமாகாது. அதனால் வரும் கேடு நோயாளியோடு நிற்பதில்லை. கிருமி நாசினியின் ஆவி கண்ணையும் மூச்சையும் வருத்தும். இரத்தமும் மலமும் தெறிக்கும். கையுறையும், மேலங்கியும், கண்ணாடியும், ஆவியை வெளியேற்றும் விசிறியும் இன்றி அவ்வறையில் நிற்கும் ஊழியரும் நமது சகோதரர், சகோதரியே.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் கூறப்படுகின்றன. யந்திரங்கள் வந்துவிட்டன, பயிற்சி எதற்கு என்பது முதலாவது. யந்திரம் நல்லதே, மேலே காட்டிய கணக்கும் அதற்குச் சாட்சி. ஆனால் யந்திரத்துக்குள் வைப்பதற்கு முன் ஓட்டை பார்ப்பதும், கையால் தேய்ப்பதும் அவசியம் என்பதே பொது விதி. எந்தக் குழாயின் எந்த வழிக்கு எந்த இணைப்பைப் பொருத்துவது என்று தெரியாதவர் கையில் யந்திரமும் வெறும் பெட்டியே. அன்றியும், அதே கணக்கில் யந்திரம் இருந்த இடங்களிலும் நாலில் ஒரு பங்கு குறைபாடு இருந்ததே!

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. வாசலில் கூட்டம் நிற்கிறது. சாவதானமாகக் கழுவிக்கொண்டிருந்தால் ஏழைகளைத் திருப்பி அனுப்ப வேண்டாவா என்கிறார்கள். இதை அலட்சியம் செய்வதற்கில்லை. சற்றுக் கணக்குப் பார்ப்போம். பரிசோதனைக்குக் கால் மணி. கழுவித் தேய்த்து, மருந்தில் ஊற வைத்து, அலசி உலர்த்த முக்கால் மணி. ஆக, ஒரு குழாய் ஒரு மணிக்கு ஒருவருக்குத்தான் பயன்படும். இரண்டு குழாய்களை வைத்துக் கொண்டு ஆறு மணி நேரம் உழைத்தால் 12 பேரைப் பார்க்கலாம். பட்டியலில் 30 பேர் இருந்து, 30 பேரையும் பார்த்து முடித்ததாக எழுதியிருந்தால், மிகுந்த 18 பேருக்கு வேண்டிய முக்கால் மணிகள் எங்கிருந்து வந்தன? தேய்ப்பதிலிருந்தும், ஊற வைப்பதிலிருந்தும், உலர்த்துவதிலிருந்தும் திருடப்பட்டிருக்கவேண்டும். கூட்டத்துக்குப் பரிகாரம், குழாய்களையும் கைகளையும் அதிகப்படுத்துவதேயாகும். இரத்த வாந்தியுடன் வருகிறவரை உடனே கவனிக்கவேண்டியதுதான். அதற்கென்று சுத்தமான குழாய் ஒன்று எப்போதும் தனியே இருக்கட்டும். மற்றவர் இரண்டு நாள் பொறுப்பதனால் வரும் கஷ்டம், வியாதி தீர வந்து புது வியாதியைப் பெற்றுப் போவதைவிடக் கொடியதன்று.

தவறு நேர்ந்தால் கோர்ட்டு இருக்கிறதே என்பார் சிலர். சட்டத் தொழிலில் பழகியவர்கள் என்ற முறையில் அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது, கோர்ட்டு இவ்விஷயத்தில் மிகவும் பிந்தி வரும் துணை என்பதே. தொற்று உடனே தெரிவதில்லை. மஞ்சட் காமாலைக் கிருமி வெளிப்பட வாரங்களும் மாதங்களும் ஆகலாம். அதற்குள் எந்தக் குழாய், எந்த நாள், எந்தக் கை என்பதை நோயாளி எவ்விதம் ருஜுப்படுத்துவார்? வைத்திய சேவையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் கொண்டு வந்தது, வி. பி. சாந்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1995-ல் அளித்த தீர்ப்பு. அத்தீர்ப்பே, எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சையளிக்கும் ஆஸ்பத்திரிகளை அச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே நிறுத்திற்று. எனவே காசு கொடுத்தவருக்கு ஒரு கதவாவது உண்டு. பரம ஏழைக்கு அந்தக் கதவும் இல்லை. மேற்கு வங்காள விவசாயத் தொழிலாளர் சங்க வழக்கில், சர்க்கார் ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சை மறுக்கப்படுவது அரசியல் சட்டத்தின் 21-ம் ஷரத்தில் கண்ட உயிர் வாழும் உரிமைக்கு விரோதம் என்று அதே கோர்ட்டு 1996-ல் தீர்ப்பளித்தது. சிகிச்சையை மறுப்பது உரிமை மீறலென்றால், சிகிச்சையின் பெயரால் நோயைப் புகட்டுவது என்ன? ஆயினும் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? கண்ணைக் காக்கும் வழியைத் தேடுவதே விவேகம்.

அவ்வழிக்கு நாம் நான்கு காரியங்களை முன்வைக்கிறோம். முதலாவது, எண்டோஸ்கோபி அறையில் பணியாற்றும் நர்ஸுகளுக்கும், அவர்களின் கீழ்க் கழுவும் ஊழியர்களுக்கும் கைப்பழக்கத்துடன் கூடிய பயிற்சி கட்டாயமாக வேண்டும். மண்டபத்தில் அமர்த்தி ஒரு நாள் பிரசங்கம் செய்து சான்றிதழ் கொடுப்பது பயிற்சியாகாது. தேர்ந்த ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, பயிலுகிறவர் தம் கையாலேயே ஒவ்வோர் அடியையும் செய்து காட்டித் தேற வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை மறுபடியும் பரீட்சிக்க வேண்டும்; புது விதமான குழாய் வாங்கும்போதெல்லாம் அதற்கென்று தனியே பயிற்றவேண்டும். இரண்டாவது, அவ்விதம் பயின்றவரை அடிக்கடி வேறு வார்டுக்கு மாற்றக் கூடாது. ஒப்பந்தச் சம்பளத்தில், நாளை இருப்போமா என்றறியாத நிலையில் ஒருவரை வைத்துக் கொண்டு அவரிடம் நுண்ணிய பொறுப்பை எதிர்பார்ப்பது பேதைமை. மூன்றாவது, பதிவுப் புஸ்தகம். அது நோயாளிக்குச் சாட்சி. கடமை தவறாத நர்ஸுக்குக் கவசம். நான்காவது, மேலே கூறிய தடுக்கும் அதிகாரம். கருவி சுத்தமில்லை என்று நர்ஸ் கூறினால், எத்தனை பெரிய டாக்டராயினும், எத்தனை பெரிய மனிதர் மேஜையில் படுத்திருந்தாலும், அக்கருவி உள்ளே போகக் கூடாது. அப்படிக் கூறியதற்காக அந்த நர்ஸ் தண்டிக்கப்படவும் கூடாது.

இது டாக்டர்களின் கௌரவத்தைக் குறைக்கும் என்று சிலர் மனம் புழுங்கலாம். ஐரோப்பாவில் எண்டோஸ்கோபி டாக்டர்களின் சங்கமும், அத்துறை நர்ஸுகளின் சங்கமும் ஒன்று சேர்ந்தே 2018-ல் இக்கருவிகளைச் சுத்தம் செய்வதற்கான விதிகளை வெளியிட்டன. அதனால் அங்கே யாருடைய கௌரவமும் குறைந்துவிடவில்லை. மாறாக, வியன்னா நகரத்தின் சரித்திரத்தை நினைவுபடுத்த விரும்புகிறோம். 1847-ல் அங்கு ஸெம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவ வார்டுக்குள் நுழையுமுன் குளோரின் கலந்த நீரில் கையைக் கழுவ வேண்டும் என்று விதித்தார். ஏப்ரலில் 100-க்கு 18 ஆக இருந்த தாய்மார்களின் மரணம், ஜூனில் இரண்டு அளவுக்கு இறங்கிற்று. ஆனாலும் தம் கையைச் சுத்தமற்றதென்று கூறியதைப் பொறாத பெரிய டாக்டர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. 1865-ல் அவர் மனமுடைந்து மடிந்தார். கௌரவத்தின் பெயரால் எத்தனை தாய்மார்கள் மாண்டார்கள்! நமது டாக்டர்களில் பெரும்பாலோர் விசால இருதயம் படைத்தவர்கள். அவர்களே முன்னின்று இவ்வதிகாரத்தை நர்ஸுகளுக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

நர்ஸுத் தொழிலில் தமிழ்நாடு புதிதாகக் கற்க வந்ததன்று. நர்ஸுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1926-லேயே ஏற்பட்டது. நர்ஸுப் படிப்புக்கு இந்தியாவில் முதன்முதலாகப் பட்டம் ஏற்படுத்திய இடங்களில் வேலூரும் ஒன்று, அது 1946-ல். அதே வருஷத்தில் வெளிவந்த போர் கமிட்டி அறிக்கை, இந்தியாவில் 43,000 ஜனங்களுக்கு ஒரு நர்ஸ்தான் இருக்கிறார் என்று வருந்திற்று. அந்நிலை இன்றில்லை. நமது பெண்கள் உலகமெங்கும் சென்று ஆஸ்பத்திரிகளைத் தாங்கி நிற்கிறார்கள். அயல்நாடுகளில் கடுமையான பயிற்சியும் பரீட்சையும் பெற்று இவ்வேலையைச் செவ்வனே செய்யும் அதே கைகளுக்கு, சொந்த நாட்டில் அப்பயிற்சியை அளிக்க நமக்கு மனமில்லையா?

சட்டத்துக்கும் விதிகளுக்கும் பஞ்சமில்லை. தொற்றுத் தடுப்பு முறைகளைப் பற்றி மத்திய சுகாதார இலாகா 2020-ல் விரிவான வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. 1947-ம் வருஷத்து நர்ஸிங் கவுன்ஸில் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. தனியார் ஆஸ்பத்திரிகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 1997-ல் சட்டமியற்றினார்கள். அதற்கு விதிகள் வகுக்க 2018 வரை ஆயிற்று. காகிதத்திலிருந்து அறைக்கு வந்து சேர இருபது வருஷம் ஆகுமானால், கிருமி அதுவரையில் காத்திருக்குமா? இருபது நிமிஷங்களுக்கு ஒரு முறை இரட்டிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆதலால் தமிழ்நாட்டு சர்க்கார் காலதாமதமின்றி, எண்டோஸ்கோபிக் கருவி வாங்க உத்தரவு போடும் ஒவ்வொரு கோப்பிலும், கழுவும் அறைக்கும், பயின்ற நர்ஸுக்கும் உரிய ஏற்பாட்டைச் சேர்த்தே உத்தரவிட வேண்டும். அவை இல்லாத கோப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும். தனியார் ஆஸ்பத்திரிகளின் லைசென்ஸையும் இந்நிபந்தனைக்கு உட்படுத்த வேண்டும்.

பொது வேலையில் ஈடுபட்ட நமது வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் நோயாளர் நலச் சங்கங்கள் இருக்கின்றன. புதுக் கருவிக்குத் திறப்பு விழா நடக்கும்போது ரிப்பனையும் பலகையையும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். இக்குழாயைக் கழுவும் அறை எது, கழுவுகிறவர் எங்கே பயின்றார், ஒரு நாளைக்கு எத்தனை குழாய்களுக்கு எத்தனை நோயாளிகள், பதிவுப் புஸ்தகம் எங்கே என்ற நான்கு கேள்விகளையும் பணிவுடனும் விடாப்பிடியாகவும் கேளுங்கள். பதில் கூறும் நர்ஸைக் குற்றவாளியைப் போல விசாரியாதீர்கள்; அவருக்கு வேண்டியதைக் கேட்டறிந்து, அதைப் பெற்றுத் தருவதற்காகப் போராடுங்கள். சுயராஜ்யத்தின் பயன் கோட்டைக் கொடியில் மட்டும் இல்லை. சர்க்கார் ஆஸ்பத்திரியின் மேஜைமேல் நம்பிப் படுக்கும் ஓர் ஏழைக் கூலியாளின் உடல், அதே வியாதிக்குப் பணம் கொடுத்துப் படுக்கும் தனவந்தரின் உடலைப் போலவே பாதுகாக்கப்படுவதிலும் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு கழுவும் அறையில் நிற்கும் நர்ஸின் கையில்தான் இருக்கிறது. அக்கைக்கு வித்தையையும் வலிமையையும் அளிக்க அதிகாரிகள் இனியும் தாமதிக்கமாட்டார்களென நம்புகிறோம்.